அம்மா காத்திருந்த பல்செட்

என் அண்ணனைப் பற்றி யாராவது ஆகா ஓகோ என்று பேச ஆரம்பித்தால் எனக்குப் பெருமையும் வரும், கூடவே பற்றிக்கொண்டும் வரும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். ஃபிரேமைப் போட்டுப் பார்த்துக்கொண்டே யாராவது கேட்பார்கள், "பல்லு மாஸ்டரோட தங்கச்சியாமே நீங்க? அவர் எப்படிங்க இவ்வளவு முன்னுக்கு வந்தார்?" நான் காதில் மாட்டுகிற கம்பியை வளைத்துக்கொண்டே, "உழைப்புதாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். கடையில் நின்றுகொண்டு வேறு என்னத்தைச் சொல்வது? விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்குக் கண்ணாடி கிடைக்க சாயங்காலம் ஆகிவிடும்.

இங்கே வரிசையில் யாரும் நிற்கவில்லை. சொல்கிறேன்.

அண்ணன் செய்வது பல்செட். பல்லெல்லாம் போனவர்கள் வாயில் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, வாய் மாதிரியே ஒன்றை வார்த்து, அதன்மேல் மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் மெழுகை எடுத்துவிட்டு ரோஸ் நிறத்தில் ஈறு செய்து பளபளவென்று தேய்த்துக் கொடுக்கிற இடத்துக்கு லேப் என்று பேர். போர்டில் டாக்டர் பேர்தான் இருக்கும். பல்லைச் செய்தவன் யாரென்று அதை மாட்டிக்கொண்டு சாப்பிடுகிறவருக்கே தெரியாது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணன் அப்படி ஒரு லேபில் பிளாஸ்டர் கலக்கச் சேர்ந்தான். எங்களுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அப்பா போய்விட்டார். அம்மா ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வரும்போது தலைமுடியிலிருந்து செருப்புவரை வெள்ளையாக இருப்பான். "அம்மா, மாவு வந்தாச்சு" என்று கத்துவேன். கொஞ்ச நாள் வீட்டில் அவனுக்கு மாவு என்றே பேர்.

கலக்குவதோடு அவன் நிற்கவில்லை. நிறம் ஒத்துப்போகாமல் ஒதுக்கிப்போட்ட பற்களை முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கி வருவான். சமையலறை மேஜையில் சின்ன விளக்கை ஏற்றி, மெழுகை உருக்கி, பல் அடுக்கிப் பழகுவான். என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழு வாய்ப்பல் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருக்கும். நான் கூப்பாடு போடுவேன். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். காய் நறுக்கிக்கொண்டு அவனுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"அம்மா, கொஞ்சம் சிரி."

"எதுக்குடா?"

"சும்மா சிரியேன்."

"சும்மா சிரிச்சா பைத்தியம்னு பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்கடா" என்று சொல்லிக்கொண்டே சிரித்துவிடுவாள். அவளுக்கு மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு தெத்துப்பல். சிரித்தால் அதுதான் முதலில் எட்டிப் பார்க்கும். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே மெழுகில் ஒரு பல்லைத் திருப்புவான், மறுபடி பார்ப்பான், மறுபடி திருப்புவான். நாங்கள் மூன்று பேரும் அப்படி உட்கார்ந்திருந்த மாதிரி அதற்கப்புறம் எந்த வீட்டிலும் உட்காரவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த மேஜைமேல் ஏக்கம் உண்டு. அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

அந்தத் தெத்துப்பல்தான் அவனைத் தூக்கிவிட்டது. அப்போதெல்லாம் பல்செட் போட்டவரைத் தெருக்கோடியிலேயே கண்டுபிடித்துவிடலாம். எல்லாப் பல்லும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நேராக இருக்கும். அண்ணன் அடுக்கினால் ஒரே ஒரு பல்லை மயிரிழை அளவுக்குத் திருப்பி வைப்பான். அவ்வளவுதான், பொய்ப்பல் என்று பெற்றவளாலும் சொல்ல முடியாது. டாக்டர்கள் லேபுக்கு போன் செய்து, "அந்தத் தம்பி செட்டிங்தான் வேணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருபத்தெட்டு வயதில் சொந்தமாக ஒரு அறை எடுத்தான். முப்பத்தைந்தில் ஒரு மாடி. நாற்பதில் மூன்று மாடிக் கட்டடம், முப்பது பேர், வாசலில் செக்யூரிட்டி. மாவு போய்ப் பல்லு மாஸ்டர் ஆனான். அப்புறம் மாஸ்டரும் போய் சார் ஆனான்.

ஒரு தடவை அந்த லேபைப் பார்க்கப் போயிருந்தேன். ஒருத்தர் பிளாஸ்டர் மட்டும் ஊற்றுகிறார். ஒருத்தர் மெழுகு மட்டும். ஒருத்தர் நாள் முழுக்க முன்பல் மட்டும் அடுக்குகிறார், கடைவாய்ப்பல் இன்னொருத்தருக்கு. அச்சோடு வருகிற சீட்டில் ஆள் பேர் கிடையாது, வெறும் நம்பர். ஒரு சமயம் ஒரே பேரில் இரண்டு பேர் வந்து, ஒருத்தர் பல் இன்னொருத்தர் வாய்க்குப் போய், இருவரும் கடிக்க முடியாமல் சண்டைக்கு வந்தார்களாம். அன்றிலிருந்து பேரே வேண்டாம், நம்பர் போதும் என்று அண்ணன் போட்ட சட்டம். அந்த நம்பரைப் பல்செட்டின் உட்பக்கம், மேலண்ணத்தில் ஒட்டுகிற இடத்தில், எறும்பு அளவுக்குப் பதித்தும் விடுவார்கள்.

"தெத்துப்பல் வைக்கறதில்லையாண்ணா?" என்று கேட்டேன்.

"இப்ப யாரும் கேக்கறதில்லடி. காசு கொடுத்துக் கோணப்பல்லு எதுக்குன்னு பேஷன்ட் சண்டை போடறாங்களாம். நேரா வச்சா ரிட்டர்ன் வராது."

"நீ அடுக்கறியா?"

"நானா?" என்று சிரித்தான். "மெழுகைத் தொட்டு ஆறு வருஷம் ஆச்சு. எனக்கு இந்த போனே சரியா இருக்கு."

கண்ணாடி அறைக்குள் மூன்று போன் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. பத்துக்கு ஒரு பல்செட் சரிபார்க்க அவன் மேஜைக்கு வரும். எடுத்துப் பார்ப்பான், சீட்டில் கையெழுத்துப் போடுவான், தட்டில் வைப்பான். அந்த வாரத்துக்குச் சேர்ந்து கிடந்ததில், நான் இருந்த அரைமணியில் பதினோரு கையெழுத்து. கிளம்பும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் போனை எடுத்துவிட்டான். அவன் பிள்ளைகளுக்கே அவன் போனுக்குள் இருக்கிற அப்பாதான் என்று அண்ணி சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். அண்ணி சிரிக்கமாட்டாள்.

அண்ணன் கல்யாணமாகித் தனி வீடு போயிருந்தான், அம்மா என்னோடு இருந்தாள். இதற்கு நடுவில்தான் அவள் ஈறு கெட்டுப்போனது. ஒவ்வொன்றாக ஆடி, தெத்துப்பல்லும் ஆடி, கடைசி எட்டையும் ஒரே மாதத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த அன்றைக்கு அண்ணன் ஓடி வந்தான். அம்மாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஈறு ஆறட்டும்மா. மூணு மாசம். உனக்கு நான்தான் செய்வேன். வேற எவனும் தொடக்கூடாது" என்றான்.

அம்மாவுக்கு வாய் முழுக்கப் பஞ்சு. விரலைக் காட்டி என்னவோ கேட்டாள்.

"எத்தனை நாள் ஆகும்னா கேக்கற? அஞ்சு தடவை வரணும்மா. முதல்ல ஒரு அச்சு. அப்புறம் சரியா ஒரு அச்சு. மூணாவது கடிக்கிற அளவு. நாலாவது மெழுகுல போட்டுப் பார்க்கிறது. அஞ்சாவது மாட்டறது. நானே இங்க வந்து செய்யறேன். நீ எங்கயும் அலைய வேண்டாம்."

வாயில் கைவைப்பது டாக்டர் வேலை, லேப்காரன் தொடக்கூடாது என்பது சட்டம். பெற்ற அம்மா வாய்க்கு என்ன சட்டம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஆனது. ஈறு ஆறியது. அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முகம் கழுவி, வாய் கொப்பளித்து, சமையலறை மேஜையைத் துடைத்து, அதன்மேல் பழைய துணி ஒன்றை விரித்து வைத்துவிட்டு உட்காருவாள். பதினோரு மணிவாக்கில் போன் வரும். "அம்மா, வெளியூர்லேர்ந்து டாக்டர் ஒருத்தர் லேப் பார்க்க வந்துட்டார். அடுத்த வாரம் கண்டிப்பா." அம்மா துணியை மடித்து வைப்பாள். அடுத்த வாரம் மெஷின் ரிப்பேர். அதற்கடுத்த வாரம் மீட்டிங். அந்த மனிதனை நம்பி முப்பது குடும்பம் இருக்கிறது, பொய் சொல்கிறான் என்று சொல்லமாட்டேன். எல்லாம் நிஜமான காரணம்தான். நிஜமான காரணம் வாராவாரம் வந்தது, அவன்தான் வரவில்லை.

பதினாறு மாதம்! அம்மா சாதத்தைக் கரைத்துக் குடித்தாள். கன்னம் ஒட்டிப்போய், மூக்கும் மோவாயும் கிட்டக் கிட்ட வந்துவிட்டன. வீட்டுக்கு யாராவது வந்தால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவாள். சிரிப்பதையே விட்டாள். ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை.

"ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு கட்டற மகாராஜாவோட அம்மா பொக்கை வாயோட உக்காந்திருக்கா! கேட்டா நாலு பேர் வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. எதிர்த்தெருவுல பல் டாக்டர் இருக்கார். எழுந்திரு, போலாம்."

"வேண்டாம்டி. அவன் செய்யறேன்னு சொல்லியிருக்கான்."

"எப்போ? நீ போய்ச் சேர்ந்தப்புறமா?"

கோபத்தில் வந்துவிட்டது. சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மடித்த துணியை இன்னும் நாலாக மடித்தாள்.

"பல்லு யாரு வேணா கட்டுவாங்க, அது எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்ட கட்டினா அதோட முடிஞ்சுது. அவன் கட்டினா அஞ்சு தடவை வரணும்ல?"

சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் கழுவினேன். அதற்கப்புறம் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் பல் டாக்டர்கள் சங்கத்தில் அண்ணனுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். காலை பத்து மணிக்கு விழா. பெரிய அரங்கம், குளிரக் குளிர ஏசி. முதல் வரிசையில் அம்மா, நான், அண்ணி. அண்ணன் கோட்டுப் போட்டு மேடை ஏறினான். நன்றாகத்தான் பேசினான். பிளாஸ்டர் கலக்கியது, சமையலறை மேஜை, ஒதுக்கிப்போட்ட பற்கள் எல்லாம் சொன்னான். கூட்டம் கைதட்டியது. அவனுக்கே குரல் தழுதழுத்தது.

"என்னோட வெற்றிக்கு என்ன காரணம்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்குப் பல் அடுக்கச் சொல்லிக்கொடுத்தது எந்தப் புஸ்தகமும் இல்லைங்க. எங்கம்மாவோட சிரிப்பு. அவங்க இங்கதான் இருக்காங்க. அம்மா, எழுந்து நின்னு எல்லாருக்கும் ஒரு தடவை சிரிச்சுக் காட்டும்மா!"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேச்சு வேகத்தில் மறந்தே போயிருந்தான். அவன் மனதில் அம்மாவுக்கு இன்னும் பல் இருந்தது. நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அதில் முக்கால்வாசி பல் டாக்டர்கள். அம்மா எழுந்தாள். இரண்டு கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து எல்லாரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மேடையில் அண்ணனும் தட்டினான். அவன் முகம் மாறும் மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. அடுத்த ஆள் வந்து மாலை போட்டுவிட்டார்.

மறுநாளே அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்த்தெரு டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. மறுக்காதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் யார் தங்கை என்று டாக்டரிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால், ஐயோ அவர் அம்மாவுக்கா என்று அவர் கையைக் கட்டிக்கொண்டுவிடுவார். டாக்டரிடமும் ஐந்து தடவைதான். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம். "வாயைத் திறங்கம்மா, மூடுங்கம்மா, அடுத்த புதன் வாங்க." ஒரு மாதத்தில் பல்செட் வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, நேராக, பளிச்சென்று இருந்தது. அம்மா கண்ணாடியில் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான்டி இருக்கு. யாரோ வந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கு அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாக எதையாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். சாதத்தைக் கரைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அண்ணன் வந்தான். பக்கத்தில் ஏதோ வேலையாம், அப்படியே எட்டிப் பார்த்தானாம். செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைப் பார்த்துவிட்டான்.

"அடடே! பல்லு கட்டிக்கிட்டியா? எப்ப? சொல்லவே இல்ல? சரி சரி, நானும்தான் வர முடியல. திறம்மா, பார்க்கிறேன்." தொழில் புத்தி எங்கே போகும், ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். "ஃபினிஷிங் நல்லா இருக்கு. ஈறு நிறமும் பரவாயில்ல. ஆனா பல்லு உன் முகத்துக்குப் பெரிசும்மா. முகம் எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிக்காம அடுக்கியிருக்கான். எவனோ அவசரக்காரன்."

நான் தட்டு எடுத்து வைக்கப் போனேன். பேசினால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்.

சாப்பிட்டதும் அம்மா பல்செட்டைக் கழற்றிக் கழுவி, துடைத்து மேஜையில் வைத்தாள். அண்ணன் அதைக் கையில் எடுத்தான். திருப்பினான். உட்பக்கம் பார்த்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் கிட்ட வைத்துப் பார்த்தான். போனை எடுத்து லேபுக்கு அடித்தான். நம்பரைச் சொன்னான். "இது எப்போ போச்சு? யார் செட்டிங்? கடைசியா யார் செக் பண்ணது?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

"என்னண்ணா?"

"நம்ம லேப்ல செஞ்சதுதான்" என்றான். பல்செட்டை மேஜையில் வைத்துவிட்டு, "கையெழுத்து என்னோடது" என்றான்.

பத்துக்கு ஒன்று அவன் மேஜைக்கு வரும் என்றேனே, அந்த ஒன்று இது. அம்மா வாயின் அச்சு, அம்மாவின் அண்ணம், பதினாறு மாதமாகச் சுருங்கிப்போன ஈறு, எல்லாம் பிளாஸ்டரில் அவன் கைக்கு வந்திருக்கிறது. திருப்பிப் பார்த்திருக்கிறான். சரி என்று கையெழுத்துப் போட்டு, தட்டில் வைத்து, அடுத்ததை எடுத்திருக்கிறான்.

"அம்மா வாயை என் கையில வச்சுப் பார்த்திருக்கேன்டி. எனக்குத் தெரியல."

திட்டுவதற்குப் பதினாறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவன் குனிந்து அழுதான். கோட்டுப் போட்டு மேடையில் தழுதழுத்தவன் வேறு, இவன் வேறு. அம்மா பல் இல்லாத வாயோடு, "விடுடா, நம்பரைப் பார்த்து உனக்கெப்படித் தெரியும்? பேரா எழுதியிருக்கு?" என்று அவன் முதுகைத் தடவினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பெட்டி. போனைக் காரிலேயே வைத்துவிட்டானாம். அம்மா ஓடிப்போய் மேஜையில் துணியை விரித்தாள். அவன் பிளாஸ்டரைக் கலக்கினான். தண்ணீர் அதிகமாகிவிட்டது. மறுபடி கலக்கினான். "மாவு, கை விட்டுப் போச்சா?" என்று சீண்டினேன். வெகுகாலம் கழித்து அந்தப் பேரைக் கேட்டதும் அவன் தலையை நிமிர்த்தாமல் சிரித்தான்.

அச்சு ஆயிற்று, இரண்டாவது அச்சு ஆயிற்று, கடிக்கிற அளவு ஆயிற்று. பல் அடுக்குகிற நாள்தான் பாவமாக இருந்தது. அவன் விரல் தடித்துவிட்டது. கடைவாய்ப்பல்லெல்லாம் உட்கார்ந்துவிட்டது. இடது பக்கத்து முன்பல் ஒன்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அம்மாவின் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருப்பினான், பிடுங்கினான், மெழுகை உருக்கினான், மறுபடி வைத்தான். மதியம்வரை நடந்தது.

"வரலம்மா. முன்ன எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு வைப்பேன்."

"அதுக்கென்னடா அவசரம்? அடுத்த வாரம் வந்து வை" என்றாள் அம்மா. அவள் முகத்தில் வருத்தம் மருந்துக்குக்கூட இல்லை.

அந்த ஒரு பல்லுக்காக இன்னும் இரண்டு ஞாயிறு வந்தான். ஆக ஏழாவது தடவையில் மாட்டினான். கண்ணாடியில் பார்த்ததும் அம்மா என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பழைய அம்மா அப்படியே கிடைத்துவிட்டாள். ஓவென்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அண்ணன் பெட்டியை மூடினான். மூடிவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்தான்.

"புதுசு இல்லையா, எங்கயாவது உறுத்தினா சொல்லும்மா. வந்து லேசாத் தேய்ச்சுக் கொடுக்கிறேன்."

புதன்கிழமை அம்மா அவனுக்குப் போன் செய்தாள். வலது பக்கம் உறுத்துகிறதாம். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கைக்குள் அடங்குகிற சின்ன மிஷினை ஓடவிட்டு, ஜன்னலடியில் நின்று தேய்த்துக் கொடுத்தான். "இப்ப?" "இப்ப பரவாயில்லடா." சாப்பிட்டுவிட்டு, அம்மாவோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனான். அடுத்த புதன்கிழமை இடது பக்கம் உறுத்தியது. அதற்கடுத்த வாரம் கீழ்ப்பல். பிறகு மறுபடி வலது பக்கம். ஒரு ஞாயிறு அவனால் வர முடியவில்லை. அந்த வாரம் உறுத்தல் தாங்க முடியாமல் போய், அம்மா இரண்டு தடவை போன் செய்தாள்.

எனக்கு முதலில் அண்ணன் வேலைமேல்தான் சந்தேகம். ஆனால் அவன் வராத நாளில் அம்மா நிலக்கடலையை ஓடு உடைத்து மடமடவென்று மென்று தள்ளுவதை என் கண்ணால் பார்க்கிறேன். முழு முறுக்கையும் விட்டுவைப்பதில்லை. உறுத்துகிற வாய் இப்படியா அரைக்கும்? எட்டாவது வாரம், அவன் கிளம்பும்போது பின்னாலேயே படி இறங்கினேன். கார் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, உண்மையைச் சொல்லு. உனக்கு வேலை மறந்துபோச்சா, இல்ல அம்மாவுக்கு ஈறு சரியில்லையா?"

"ஈறு சுத்தமா இருக்கு. ஒரு சின்ன சிவப்புகூட இல்ல."

"பின்ன வாராவாரம் எதைத் தேய்க்கற?"

"எதையும் தேய்க்கல. மிஷினை ஓடவிட்டுப் பக்கத்துல காட்டறேன், அவ்வளவுதான். நிஜமாத் தேய்ச்சா லூசாயிடும்."

"அப்ப அம்மா சும்மாதான் கூப்பிடறாங்கன்னு உனக்குத் தெரியும்."

"முதல் வாரமே தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இதென்ன கூத்து? ரெண்டு பேரும் யாருக்காக நடிக்கறீங்க? உறுத்தாட்டியும் வரேன்மான்னு ஒரு வார்த்தை சொல்லிட வேண்டியதுதானே? அவங்க நிம்மதியா இருப்பாங்க."

அவன் காருக்குள் பார்த்தான். இருக்கையில் கிடந்த போன் வெளிச்சம் போட்டு அணைந்தது.

"சொன்னா வரமாட்டேன்டி" என்றான். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும். சும்மா அம்மாவைப் பார்க்கன்னா, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு மனசு சொல்லிடும். வேலைன்னு ஒண்ணு இருந்தாத்தான் எனக்குக் கால் நகருது. இத்தனை வருஷம் அப்படியே பழகிட்டேன். நீ அம்மாகிட்ட ஒண்ணும் கேட்டுடாதே. அவங்க உறுத்துதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கட்டும்."

கார் தெரு திரும்புகிறவரை நின்று பார்த்தேன். மாடி ஏறி வந்தால், அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் விரித்த துணியை இன்னும் மடிக்கவில்லை.

"ரொம்ப நேரம் பேசினீங்களே, என்னடி சொன்னான்? பல்லு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டானா?" என்றாள். குரலில் அப்பட்டமான பயம்.

பொய் சொல்ல எனக்கு வாயே வராது, ஊருக்கே தெரியும்.

"இல்லம்மா" என்றேன். "அதுல இன்னும் நிறைய வேலை இருக்காம்."